கிண்ணம் தந்தவர் ஆண்ட நாடு

பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் தன் பிழைகளை மறப்பதற்கு அத்தொழிலே வசதி செய்து கொடுக்கிறது. நேற்றைய பத்திரிகை இன்று கடலை சுற்றும் தாளாகிவிடும். ஆயினும் சில பிழைகள் அவ்வாறு எளிதில் விட்டுப்போவதில்லை. 1991 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் நான் செய்த பிழை அத்தகையது.

அந்த ஆண்டு டேவிஸ் கிண்ண டென்னிஸின் உலகப் பிரிவுக்கான தகுதிகாண் சுற்றில் சுவீடன் அணி மணிலாவுக்குச் சென்று பிலிப்பைன்ஸைச் சந்தித்தது. போர்க், விலாண்டர், எட்பேர்க் என்று வரிசையாக வீரர்களைப் பெற்றெடுத்த நாடு சுவீடன். அதற்கு எதிராக பிலிப்பைன்ஸா என்ற வியப்பு அன்று எல்லோருக்கும் இருந்தது. இரவுப் பணியில் இருந்த நான், செய்தி முகவர் நிலையத்தின் தந்திச் செய்தியை மொழிபெயர்த்துவிட்டு, இடம் மீதமிருந்ததால் சொந்தச் சரக்காக ஒரு வரி சேர்த்தேன். டென்னிஸ் பாரம்பரியம் ஏதுமற்ற ஒரு நாடு உலக அரங்கின் வாயிலில் வந்து நிற்கிறது என்பது அந்த வரியின் சாரம். எழுதும்போது அழகாகத்தான் இருந்தது.

பத்து நாட்கள் கழித்து வெள்ளவத்தையிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். கையெழுத்து அச்சுக் கோத்தது போலிருந்தது. வசை ஏதும் இல்லை. ஆம்போன் என்ற பெயரை நான் கேள்விப்பட்டிருக்கிறேனா என்று கேட்டிருந்தார். பின்னர் நான்கு ஆண்டுகளை மட்டும் எழுதியிருந்தார்: 1957, 1958, 1960, 1964. அந்த ஆண்டுகளில் ஆசியாவின் டென்னிஸ் முதன்மை யாரிடம் இருந்தது என்று பார்க்கும்படி சொல்லி முடித்திருந்தார். அந்தக் கணக்கைத் தீர்ப்பதற்கு எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. இப்பொழுது, ஒரு பிலிப்பினோ யுவதியின் பெயர் உலகெங்கும் விளையாட்டுப் பக்கங்களில் வந்துகொண்டிருக்கும் வேளையில், அதை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

பிலிப்பைன்ஸுக்கு டென்னிஸ் சென்ற வழி, நமக்கு வந்த வழியை ஒத்தது. ஆனால் எசமானர்கள் வேறு. இலங்கையில் ஆங்கிலத் தோட்டத்துரைமார் நுவரெலியாவின் குளிரில் வலை கட்டி ஆடினார்கள். பிலிப்பைன்ஸை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட ஸ்பானியர்கள் அங்கே தேவாலயங்களை விட்டுச் சென்றனர். 1898 இல் அவர்களிடமிருந்து தீவுகளைப் பெற்றுக்கொண்ட அமெரிக்கர்கள் பள்ளிக்கூடங்களையும் விளையாட்டுத் திடல்களையும் கொண்டுவந்தனர். சுதந்திரம் கேட்டுப் போராடிய மக்களைத் துப்பாக்கியால் அடக்கிய அதே ஆட்சிதான், அவர்களின் பிள்ளைகளின் கையில் பந்தையும் மட்டையையும் கொடுத்தது. இதில் அரசியல் இல்லையென்று சொல்பவர்கள் குடியேற்ற ஆட்சியை அறியாதவர்கள்.

இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் அமெரிக்க அதிகாரியான எல்வூட் பிரவுண் என்பவரின் முயற்சியால் 1913 இல் மணிலாவில் தூரகிழக்கு விளையாட்டுப் போட்டிகள் தொடங்கின. இன்றைய ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கு மூதாதை என்று அதனைச் சொல்லலாம். அதில் டென்னிஸும் இடம்பெற்றது. சீனரும் யப்பானியரும் பிலிப்பினோக்களும் ஒருவரோடொருவர் மோதினார்கள். அடிமை நாடொன்று தன் பெயரில் அணி அனுப்பி ஆடுவது அக்காலத்தில் சிறிய விடயமன்று.

இங்கே வரலாறு செய்த ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் நகர முடியவில்லை. 1900 ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ட்வைட் டேவிஸ் என்ற செல்வந்த இளைஞர், அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஆடுவதற்காக ஒரு வெள்ளிக் கிண்ணத்தைத் தந்தார். டேவிஸ் கிண்ணம் என்பது அதுதான். அந்த இளைஞர் பின்னர் அரசியலில் இறங்கி 1925 இல் அமெரிக்காவின் யுத்தச் செயலாளரானார். பிலிப்பைன்ஸ் தீவுகளின் நிர்வாகம் அப்போது யுத்தத் திணைக்களத்தின் கீழ் இருந்தது. 1926 இல் பிலிப்பைன்ஸ் முதன்முறையாக டேவிஸ் கிண்ணப் போட்டியில் இறங்கியபோது, கிண்ணத்தைத் தந்தவரே அந்த நாட்டைக் கண்காணிக்கும் அமைச்சராகவும் இருந்தார். அதோடு முடியவில்லை. 1929 முதல் 1932 வரை அவரே மணிலாவில் தங்கி பிலிப்பைன்ஸின் ஆளுநர் நாயகமாக ஆட்சி புரிந்தார். கிண்ணத்தின் கொடையாளியால் நேரடியாக ஆளப்பட்ட நாடு, நான் அறிந்த வரையில், உலகில் இது ஒன்றுதான்.

அந்த முதல் தலைமுறையின் பெயர்கள் பிரான்சிஸ்கோ அரகோன், கியேர்மோ அரகோன் என்ற சகோதரர்களுடையவை. அக்காலத்தில் போட்டியில் அமெரிக்க மண்டலம், ஐரோப்பிய மண்டலம் என்ற இரண்டு பிரிவுகளே இருந்தன. எனவே பிலிப்பினோக்கள் அமெரிக்க மண்டலத்தில் ஆட நேர்ந்தது. ஒரு சுற்று ஆடுவதற்காகப் பசிபிக் பெருங்கடலைக் கப்பலில் கடந்தார்கள். வாரக்கணக்கில் மட்டை தொடாமல் கப்பல் தளத்தில் கிடந்துவிட்டு, கரையிறங்கி, ஆடித் தோற்று, மீண்டும் கப்பலேறினார்கள். தோல்விப் பட்டியலைப் பார்த்து அவர்களைக் கணக்கிடுபவர்கள் இந்தத் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

1934 இல் தூரகிழக்கு விளையாட்டுப் போட்டிகளுக்காக மணிலாவில் ரிசால் நினைவு விளையாட்டரங்கம் எழுந்தது. ஸ்பானியரால் சுட்டுக் கொல்லப்பட்ட கவிஞரும் மருத்துவருமான ஹோசே ரிசாலின் பெயரால் அமைந்த அரங்கம் அது. அதன் டென்னிஸ் திடல்களிலேயே பிலிப்பைன்ஸ் டென்னிஸின் முக்கால் பங்கு வரலாறு நிகழ்ந்தது. பதினொரு ஆண்டுகளில் அது போர்க்களமாயிற்று. 1945 பெப்ரவரியில் மணிலாவுக்காக நடந்த சண்டையில் யப்பானியர் அந்த அரங்கத்தைக் கோட்டையாக்கிக்கொள்ள, அமெரிக்கத் தாங்கிகள் மதிலை இடித்து உள்ளே புகுந்தன. அந்த ஒரு மாதத்தில் அந்நகரில் மாண்ட பொதுமக்கள் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். டென்னிஸைப் பற்றி எழுதும்போது இதை ஏன் எழுதுகிறாய் என்று யாரும் கேட்கக்கூடும். யுத்தம் முடிந்து நாடு 1946 இல் சுதந்திரம் அடைந்து, இடிந்த அரங்கம் 1954 இன் ஆசிய விளையாட்டுக்காக மீளக் கட்டப்பட்டது. அந்த இடைவெளியில்தான் அஞ்சலட்டை ஆசிரியர் கேட்ட மனிதர் உலகத்தின் கண்ணில் பட்டார்.

பெலிசிசிமோ ஆம்போன். 1920 இல் பிறந்தவர். உயரம் நான்கு அடி பதினொரு அங்குலம். இதனை இருமுறை வாசியுங்கள். வலைக்கு அப்பால் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆறடிக்கு மேற்பட்ட அமெரிக்கரும் அவுஸ்திரேலியரும். அடித்தொடக்கம் என்ற பந்துவீச்சு உயரமானவனுக்கு இயற்கை கொடுத்த ஆயுதம். மேலிருந்து கீழாக அடிப்பதற்கு அவனுக்கு வலை ஒரு தடையே அல்ல. ஆம்போனுக்கு அந்த ஆயுதம் மறுக்கப்பட்டிருந்தது. ஆகையால் அவர் கால்களால் ஆடினார். எந்தப் பந்தையும் ஓடி எட்டிப் பிடித்து, எதிரி களைக்கும் வரையில் திருப்பிக்கொண்டே இருப்பது அவர் முறை. எடைக்கு எடை நிறுத்துப் பார்த்தால் உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் இவரே என்று அந்நாளைய எழுத்தாளர்கள் எழுதினார்கள். குத்துச்சண்டையிலிருந்து எடுத்துக்கொண்ட இந்தப் புகழ்மொழி டென்னிஸில் வேறெவருக்கும் அவ்வளவு பொருந்தியதில்லை.

1948 இல் விம்பிள்டனில், ஆரம்பச் சுற்றுகளில் தோற்றவர்களுக்காக நடத்தப்படும் தட்டுப் போட்டியில் அவர் முதலிடம் பெற்றார். ஆறுதல் பரிசுதானே என்று இதனை ஒதுக்கிவிட வேண்டாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிறந்த ஒரு நாட்டின், சாம்பலாகக் கிடந்த ஒரு தலைநகரத்திலிருந்து வந்தவர் அவர். புற்றரை அவருக்கு உகந்ததன்று; அதில் பந்து தாழ்ந்து விரைந்து செல்லும். பாரிஸின் செம்மண் திடலில் பந்து எழுந்து நிதானமாக வரும், ஓடுபவனுக்கு நேரம் கிடைக்கும். 1950களின் தொடக்கத்தில் அங்கே நடந்த பிரெஞ்சுச் சுற்றுப்போட்டியில் அவர் காலிறுதி வரை சென்றார். யுத்தத்திற்கு முன்னர் நாட்டுக்காக ஆடத் தொடங்கிய அவர் 1960களிலும் டேவிஸ் கிண்ண அணியில் இருந்தார். நாற்பது வயதைக் கடந்த குள்ளமான மனிதர் ஒருவர், தன் பிள்ளைகளின் வயதை ஒத்தவர்களோடு ஓடிக்கொண்டிருந்த காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

அவருக்குத் துணையாக அமைந்தவர் ரேமுண்டோ டெய்ரோ. 1958 இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டில் டென்னிஸ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது ஆண்கள் ஒற்றையர் தங்கத்தை வென்றவர் அவர். மூன்றாமவர் ஹுவான் ஹோசே. ஜோனி என்று எல்லோரும் அழைத்தனர். 1950களில் டேவிஸ் கிண்ணத்தில் கீழைத்தேய மண்டலம் உருவானதும் இவர்களுக்குப் பசிபிக்கைக் கடக்கும் தேவை தீர்ந்தது. இலங்கையும் அம்மண்டலத்தில் ஆடியது. ஆனால் உண்மையான போட்டி இரண்டு நாடுகளுக்கிடையேதான். 1956 இல் இந்தியா மண்டலத்தை வென்றது, 1957, 1958 பிலிப்பைன்ஸ், 1959 இந்தியா, 1960 பிலிப்பைன்ஸ், அடுத்த மூன்று ஆண்டுகள் இந்தியா, 1964 மீண்டும் பிலிப்பைன்ஸ். இந்தியாவின் பக்கத்தில் நின்றவர் நமது ராமநாதன் கிருஷ்ணன், விம்பிள்டனில் 1960 இலும் 1961 இலும் அரையிறுதி கண்டவர். அந்தக் கிருஷ்ணன் இருந்த அணியிடமிருந்து மண்டலத்தைத் தட்டிப் பறித்தவர்கள் பாரம்பரியம் அற்றவர்கள் என்று நான் எழுதினேன்! ஆசிரியரின் நான்கு ஆண்டுகளின் பொருள் எனக்குப் புலப்பட்டபோது வெட்கமாகத்தான் இருந்தது.

மண்டலத்தை வென்ற பின் நடந்தவை இனிமையானவை அல்ல. 1957, 1958, 1960 மூன்று முறையும் அவர்கள் அவுஸ்திரேலியா சென்று மண்டலங்களுக்கிடையிலான சுற்றில் அமெரிக்காவிடமும் இத்தாலியிடமும் தோற்றார்கள். 1964 இல் சுவீடனிடம் தோல்வி. அதற்குப் பிறகு மண்டலமும் கைநழுவி இந்தியாவிடம் தங்கிவிட்டது.

அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஏன் வெறிச்சோடிப் போயிற்று? காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. எனக்குப் படுவதைச் சொல்கிறேன்.

1968 இல் டென்னிஸ் தொழில்முறை ஆட்டக்காரருக்குத் திறந்துவிடப்பட்டது. அதுவரை ஒரு நாட்டின் சங்கம் பயணச்சீட்டு வாங்கிக் கொடுத்தால் ஆட்டக்காரன் ஐரோப்பா சென்று ஆடிவிட்டு வரலாம். அதன்பின் தரவரிசை வந்தது. தரவரிசைப் புள்ளிகளைப் பொறுக்க ஆண்டு முழுவதும் நாடுநாடாக அலைய வேண்டும். விமானக் கட்டணம், விடுதி, பயிற்றுநர் என்று செலவு டொலரில், வருமானம் பெசோவில். 1970களில் மணிலாவிலேயே பெரிய சர்வதேசச் சுற்றுப்போட்டிகள் நடந்தன. வெளிநாட்டு நட்சத்திரங்கள் வந்து ஆடிப் பரிசுகளைப் பெற்றுச் சென்றனர். உள்ளூர்ப் பிள்ளைகள் பந்து பொறுக்கினார்கள்.

இது வெறும் சொல்லலங்காரமன்று. தகாலொக் மொழியில் 'புலொத்' என்றால் பொறுக்குதல். திடலோரத்தில் நின்று பந்து பொறுக்கிக் கொடுத்துச் சில்லறை பெறும் வறிய சிறுவர்களை அங்கே அந்தச் சொல்லாலேயே அழைக்கிறார்கள். கனவான்கள் ஆடி முடித்துக் குளிக்கச் சென்றதும், பழைய மட்டையொன்றை இரவல் வாங்கி வெறுங்காலுடன் ஆடிப் பழகிய இச்சிறுவர்களிலிருந்தே தேசிய சம்பியன்கள் பலர் உருவானார்கள். வறுமையிலிருந்து வீரன் எழுந்தான் என்று இதனைப் பாராட்டி எழுதுவது எளிது. எனக்கோ வேறொன்று தோன்றுகிறது. சங்கத்துத் திடலின் வேலிக்குள் நுழைவதற்கு அந்தப் பிள்ளைக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதே அதன் பொருள்.

வேலியில்லாத விளையாட்டு ஒன்று தெருவிலேயே இருந்தது. கூடைப்பந்தாட்டத்திற்கு ஒரு தென்னை மரமும் ஒரு வளையமும் போதும். 1954 இல் உலகக் கூடைப்பந்தாட்டப் போட்டியில் மூன்றாமிடம் பெற்ற நாடு அது. 1975 இல் ஆசியாவின் முதலாவது தொழில்முறைக் கூடைப்பந்தாட்டக் கழகத் தொடரையும் தொடங்கிற்று. பணமும் புகழும் அங்கே இருக்கும்போது எந்தத் தந்தை தன் மகனுக்கு மட்டை வாங்கிக் கொடுப்பான்? 1991 இல் சுவீடனை மணிலாவுக்கு வரவழைத்த அணி, பெலிக்ஸ் பரியென்டோஸின் தோளில் எழுந்தது. தோற்றது. அதன் பின் அணி மீண்டும் அந்த வாயிலுக்கு வரவில்லை.

அடுத்து வந்தவர்கள் கடல் கடந்தவர்களின் பிள்ளைகள். உலகெங்கும் சிதறிக் கிடக்கும் தமிழ் வாசகர்களுக்கு இப்பகுதி விளக்கமின்றியே புரியும். சிசில் மமிட் லொஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். 1996 இல், முதலாண்டு மாணவராக இருந்தபோதே, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஒற்றையர் சம்பியனானார். 1999 இல் சான் ஹோசே சுற்றுப்போட்டியின் அரையிறுதியில் அன்ட்ரே அகாசி தகாத வார்த்தை பேசியதற்காக நடுவரால் வெளியேற்றப்பட்டபோது எதிரே நின்றவர் இந்த மமிட்தான். இறுதியில் மார்க் பிலிப்பூசிஸிடம் தோற்றார். அவ்வாண்டு உலகத் தரவரிசையில் 72 ஆம் இடம் வரை உயர்ந்தார். ஆனால் அந்த நாட்களில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது அமெரிக்கக் கொடி. ஆட்டத்தின் உச்சம் தாண்டிய பின்னரே பெற்றோரின் நாட்டுக்காக ஆட வந்து, 2006 இல் டோஹா ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்று கொடுத்தார். எரிக் டைனோவும் அவ்வாறே அமெரிக்காவிலிருந்து வந்தவர். வாஷிங்டனில் பிறந்த ட்ரீட் ஹியூயி 2016 இல் பெலாருஸின் மக்ஸ் மிர்னியுடன் சேர்ந்து விம்பிள்டன் இரட்டையர் அரையிறுதி வரை சென்றார். மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று சொல்வதற்கு பிரான்சிஸ் கேசி அல்கன்டாரா இருந்தார். 2009 இல் அவுஸ்திரேலியப் பகிரங்கப் போட்டியில் இளையோர் இரட்டையர் பட்டத்தை வென்றவர். இரவல் பிள்ளைகளா, சொந்தப் பிள்ளைகளா என்று அங்கே சர்ச்சை நடந்தது. நமக்கும் பழக்கமான சர்ச்சைதான்.

அலெக்ஸாண்ட்ரா ஈலா 2005 மே மாதம் கெசோன் நகரில் பிறந்தார். தாயார் நீச்சல் வீராங்கனை. மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் தாய்வழிப் பாட்டனார். பதின்மூன்றாவது வயதில் ஸ்பெயினின் மயோர்க்கா தீவிலுள்ள ரபாயேல் நடாலின் பயிற்சிக் கழகத்துக்கு அனுப்பப்பட்டார். 2020 இல் அவுஸ்திரேலியாவிலும் 2021 இல் பிரான்சிலும் இளையோர் இரட்டையர் பட்டங்கள். 2022 இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் இளையோர் ஒற்றையர் பட்டம். அதற்கு முன் எந்தப் பிலிப்பினோவும் பெறாத பட்டம் அது. நியூயோர்க்கின் வெற்றி மேடையில் அவர் ஆங்கிலத்தோடு நிறுத்தாமல் தகாலொக்கிலும் பேசினார். இதற்கிடையில் 2021 இறுதியில், நிர்வாகச் சீர்கேட்டைக் காரணங்காட்டி, சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் பிலிப்பைன்ஸ் சங்கத்தையே இடைநிறுத்தியிருந்தது. வீட்டில் அடுப்பு அணைந்திருக்க, பிள்ளை வெளியூரில் விருது வாங்கிய கதை.

2025 மார்ச்சில் மியாமி சுற்றுப்போட்டியில் 140 ஆம் தரநிலையில், சிறப்பு அனுமதியுடன் நுழைந்தார். ஒஸ்டபென்கோ, மடிசன் கீஸ், இகா சுவியாடெக் என்று பெரும்பட்டம் வென்ற மூவரை ஒரே சுற்றுப்போட்டியில் வீழ்த்தினார். சுவியாடெக்கோடு 6-2, 7-5. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடாலின் கழகத்தில் ஈலா பட்டம் பெற்றபோது விருந்தினராக வந்து புகைப்படத்தில் நின்றவர் அதே சுவியாடெக். அரையிறுதியில் ஜெசிகா பெகுலாவிடம் மூன்று செற்களில் தோற்றார். ஜூனில் ஈஸ்ற்போர்ன் இறுதியாட்டத்தில் வெற்றிப் புள்ளிகள் நான்கு கைக்கெட்டியும் நழுவின. ஓகஸ்டில், அமெரிக்கப் பகிரங்கப் போட்டியின் முதற் சுற்றில், கிளாரா டோசனுக்கு எதிராக மூன்றாவது செற்றில் 1-5 எனப் பின்தங்கியிருந்தார். பார்வையாளர் வரிசைகளில் பெரும்பாலோர் பிலிப்பினோக்கள்; நியூயோர்க்கின் மருத்துவமனைகளில் பணிபுரியும் தாதியர் பலர் அவர்களுள் இருந்திருப்பார்கள் என்று எண்ணுகிறேன். ஆட்டம் மெல்லத் திரும்பிற்று. முறிசமன் ஆட்டத்தை 13-11 என வென்றார். 1968 க்குப் பின் பெரும்பட்டப் போட்டியொன்றின் ஒற்றையர் பிரதான சுற்றில் பிலிப்பைன்ஸின் பெயரால் வெல்லப்பட்ட முதலாவது ஆட்டம் அது. டிசெம்பரில் தாய்லாந்தில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டிலும் ஒற்றையர் தங்கம் அவருக்கே கிடைத்தது.

ஆம்போன் 1997 ஒக்டோபரில் மறைந்தார். அந்தச் செய்தி வந்த இரவிலும் நான் பணியில் இருந்தேன். நான்கு வரிகள் தந்தியில் வந்தன. அவற்றோடு அந்த நான்கு ஆண்டுகளையும் சேர்த்து ஒற்றைப் பத்திச் செய்தியாக விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் இட்டேன். பத்திரிகையின் ஒரு பிரதியை வெள்ளவத்தை முகவரிக்கு அனுப்பினேன். அது திரும்பி வந்தது. உறையின் மேல், குடியிருந்தவர் கனடாவுக்குப் போய்விட்டதாகத் தபாற்காரர் எழுதியிருந்தார்.